திபேரியு ராயனின் காசு: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை?

"திபேரியஸ் காலத்து நாணயம் ஒண்ணே ஒண்ணு வாங்கணும், எதை வாங்கலாம்?" ஆண்டுக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்டு எழுதுகிறார்கள். பாதிப் பேர் விவிலியம் வழியாக வருகிறவர்கள். "இராயனுடையதை இராயனுக்கும்" என்று இயேசு சொன்னபோது அவர் கையில் இருந்த காசு இந்த ராயனுடையது (விவிலியத்தின் திபேரியு ராயன்தான் ரோமப் பேரரசர் திபேரியஸ்) என்று கேள்விப்பட்டிருப்பார்கள். மீதிப் பேரில் முக்கால்வாசி கொங்குப் பக்கத்துக்காரர்கள். கோயம்புத்தூர் வட்டாரத்தில் மண்ணிலிருந்து வந்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையவைதான் குவிந்து கிடந்தன என்று படித்துவிட்டு, அதில் ஒன்று நம் வீட்டிலும் இருந்தால் என்ன என்று நினைப்பவர்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் விற்பனையாளர் சொல்லும் பதில் ஒன்றே: ரோமின் வெள்ளிக் காசான தெனாரியஸ் வாங்குங்கள். எனக்கு அந்தப் பதிலில் பாதிதான் சம்மதம். அந்த மனிதரின் வாழ்க்கையைக் காசில் பார்க்க வேண்டும் என்று வருகிறவருக்கு, அவர் வெளியிட்ட காசுகளிலேயே மிகக் குறைவாகப் பேசுவது அந்த வெள்ளிதான்.

முதலில் ஆள் யார் என்று ஒரு பார்வை

பிறந்தது கி.மு. 42 நவம்பர் 16. அம்மா லிவியா, அப்பாவை விட்டுவிட்டுப் பின்னாளில் அகஸ்டஸ் ஆகப்போகும் ஆக்டேவியனைக் கட்டிக்கொண்டாள். திபேரியஸ் விரும்பி வாழ்ந்த மனைவி விப்சானியாவை விவாகரத்து செய்யவைத்து, அகஸ்டஸ் தன் மகள் ஜூலியாவை அவருக்குக் கட்டிவைத்தார். அந்தக் கல்யாணம் கசந்துபோனது, கி.மு. 6இல் எல்லாவற்றையும் உதறிவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய் ஏழெட்டு ஆண்டு இருந்தார். அகஸ்டஸ் வாரிசாக வைத்திருந்த பேரன்கள் இருவரும் அடுத்தடுத்துச் செத்த பிறகு, வேறு ஆள் இல்லாமல் கி.பி. 4இல் இவரைத் தத்தெடுத்தார். கி.பி. 14இல் பேரரசர் ஆனபோது வயது 55ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே இழவு. 19இல் தத்துப்பிள்ளை ஜெர்மானிக்கஸ், 23இல் சொந்த மகன் துரூசஸ், 29இல் தாய். 26இல் ரோமை விட்டுக் கிளம்பி, காப்ரி தீவில் குடியேறினார். தலைநகரத்தை மெய்க்காப்பாளர் படைத் தலைவன் செஜானஸ் நடத்தினான். 31ஆம் ஆண்டு அக்டோபரில் செஜானஸும் கொல்லப்பட்டான். 37 மார்ச் 16இல் மிசேனத்தில் இவர் கண்மூடியபோது கஜானாவில் 270 கோடி செஸ்டெர்டியஸ் (ரோமின் பித்தளைக் காசு) இருந்ததாகச் சொல்கிறார்கள். கஞ்சர் என்று பெயர் எடுத்தவர். காசு அடிப்பதிலும் அந்தக் குணம் தெரியும்.

எதை வைத்து அளப்பது

நான் ஐந்து கேள்வி வைத்திருக்கிறேன். காசைப் பார்த்தால் அவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது தெரிகிறதா? எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு (விளம்பரத்தில் போட்ட விலை வேறு, நம் வீட்டு வாசலுக்கு வரும் விலை வேறு)? போலி வந்து மாட்டும் வாய்ப்பு எவ்வளவு? நம் ஊர்ப் புழுக்கத்தில் தாங்குமா? நாளைக்கு விற்கவோ பிள்ளைக்குக் கொடுக்கவோ சட்டச் சிக்கல் உண்டா? "அழகாக இருக்கிறதா" என்பதைச் சேர்க்கவில்லை, அது உங்கள் கண்.

வெள்ளி தெனாரியஸ்

எல்லோரும் கேட்பது இதைத்தான். ஏறக்குறைய தூய வெள்ளி, எடை 3.6 முதல் 3.8 கிராம், நம் பழைய ஐம்பது காசை விடச் சின்னது. ஒரு பக்கம் மாலை சூடிய தலை, சுற்றிலும் "திபேரியஸ் சீசர், தெய்வமான அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்" என்று சுருக்கெழுத்தில். மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், ஒரு கையில் செங்கோல், மறு கையில் கிளை, "பான்டிஃப் மாக்சிம்" அதாவது தலைமைப் பூசாரி. அந்தப் பெண் லிவியா என்பது வழக்கமாகச் சொல்லும் அடையாளம். காசில் பெயர் எழுதவில்லை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆட்சியின் தொடக்கத்தில் ஓரிரண்டு வேறு வகை வெள்ளி அடித்தார்கள், அதற்கப்புறம் சுமார் இருபது ஆண்டுகள் இதே படம், இதே எழுத்து. மகன் செத்தான், தாய் செத்தாள், நம்பிய ஆள் துரோகி என்று தெரிந்தது, அரசரே ஊரை விட்டுப் போனார், காசு மட்டும் மாறவில்லை. ஆண்டுக் குறிப்பும் கிடையாது. நாற்காலிக் கால் வேலைப்பாடு உள்ளதா, வெறும் காலா, கீழே ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்த்து நிபுணர்கள் வகை பிரிக்கிறார்கள். அது ஒரு தனிச் சுகம்தான், ஆனால் புதிதாக வருகிறவருக்கு அதில் என்ன கதை இருக்கிறது?

விலை? நான் பார்த்தவரை தேய்ந்த காசே 150 டாலரிலிருந்து தொடங்கும், முகம் தெளிவாக இருந்தால் 300லிருந்து 600 வரை சாதாரணமாகப் போகும். இதே தரத்தில், இதே அளவு புழங்கிய வேறு பேரரசரின் வெள்ளி இதில் பாதிக்குக் கிடைக்கும். மிச்சத்தை நீங்கள் கொடுப்பது விவிலிய வசனத்துக்கு. அந்த வசனத்திலும் ஒரு உறுத்தல் உண்டு: யூதேயாவில் அந்தக் காலத்தில் திபேரியஸின் தெனாரியஸ் அவ்வளவாகப் புழங்கியதாகத் தெரியவில்லை, கையில் இருந்தது அகஸ்டஸின் காசாகவோ அந்தியோகியா வெள்ளியாகவோ இருந்திருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். விற்பனைப் பக்கங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

போலியும் இதில்தான் அதிகம், தேவை இருக்கும் இடத்தில்தானே போலி வரும். நான் வாங்கிய முதல் தெனாரியஸ் 2.9 கிராம். வாங்கிய உற்சாகத்தில் எடை போடவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஓரத்தில் செம்பு எட்டிப் பார்த்தபோதுதான் தராசைத் தேடினேன். செம்புக்கு மேல் வெள்ளித் தோல் போர்த்தியது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் ரோமானியர் காலத்துப் போலிதான், இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஏமாற்று. நான் கொடுத்ததென்னவோ நல்ல காசின் விலை.

தெனாரியஸுக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: வெள்ளி நம் ஊர் ஈரத்தில் கறுக்கும், ஆனால் அரிக்காது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

ரோமின் பித்தளையும் செம்பும்

எனக்குப் பிடித்தது இந்தப் பகுதி, அதனால் கொஞ்சம் நீளும்.

செஸ்டெர்டியஸ், டுபோண்டியஸ் இரண்டும் பித்தளை, அஸ் செம்பு. நாலு செஸ்டெர்டியஸ் ஒரு தெனாரியஸ், பதினாறு அஸ் ஒரு தெனாரியஸ். வெள்ளியில் வாயைத் திறக்காத அரசு இந்தச் சில்லறையில் பேசித் தள்ளியிருக்கிறது. அதிலும் 22, 23ஆம் ஆண்டுகளின் காசுகளில் பலவற்றில் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அதிகாரத்தை அவர் எத்தனையாவது முறை ஏற்றார் என்ற எண் இருப்பதால், அடித்த ஆண்டையே சொல்லிவிடலாம்.

17இல் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் ஒரே இரவில் 12 நகரங்கள் நிலநடுக்கத்தில் இடிந்தன. சார்டிஸ் நகரத்துக்குத்தான் அடி பலம். கஞ்சர் என்று சொன்னோமே, அவர் சார்டிஸுக்கு ஒரு கோடி செஸ்டெர்டியஸ் கொடுத்து, ஐந்தாண்டு வரியையும் தள்ளுபடி செய்தார். "ஆசியாவின் நகரங்கள் மீட்கப்பட்டன" என்ற வாசகத்தோடு, அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் செஸ்டெர்டியஸ் இதற்காக வந்தது.

22இல் லிவியா கடும் நோயில் விழுந்தாள். அதே காலத்து டுபோண்டியஸ் ஒன்றில் ஒரு பெண்ணின் தலையும் "சாலுஸ் அகஸ்டா", அதாவது நலம் என்ற சொல்லும் வருகின்றன. தாயும் மகனும் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது, காசில் மட்டும் நலம் விசாரிப்பு.

இதைவிட என்னை உலுக்கிய காசு இன்னொன்று. மகன் துரூசஸுக்கு 19இல் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். 22, 23இல் துரூசஸின் பெயரில் வந்த செஸ்டெர்டியஸில், குறுக்காக வைத்த, வளத்தின் சின்னமான இரண்டு கொம்புகளின் வாயிலிருந்து அந்த இரண்டு குழந்தைகளும் தலை நீட்டிப் பார்க்கிறார்கள். வம்சம் நிலைத்துவிட்டது என்ற சந்தோஷ அறிவிப்பு. 23இல் துரூசஸ் செத்தான். இரட்டையரில் ஒருவனும் அதே ஆண்டு போனான். மிஞ்சியவனைப் பின்னால் அடுத்த பேரரசன் காலிகுலா கொன்றான். நல்ல நிலையில் இந்தக் காசு நம் கைக்கு எட்டாது. தேய்ந்து கறுத்த ஒன்று எப்போதாவது சில நூறு டாலருக்கு வரும், வந்தால் முகம் தேய்ந்திருக்கிறதே என்று யோசிக்காதீர்கள்.

கையில் காசு குறைவு என்றால் "தெய்வமான அகஸ்டஸ் தந்தை" என்று எழுதிய அஸ். பின்பக்கம் ஒரு பலிபீடம், கீழே "ப்ராவிடென்ட்", அதாவது முன்யோசனை. இதை அடித்தது திபேரியஸ், முகம் அகஸ்டஸுடையது. வாழ்நாள் முழுக்க அந்த மாற்றாந்தந்தையின் நிழலில் நின்றவருக்கு இதைவிடப் பொருத்தமான காசு எனக்குத் தெரியவில்லை. 100 டாலருக்குக் கீழேயே பார்த்திருக்கிறேன்.

சரி, மறைவான செலவுக்கு வருவோம். செம்பும் பித்தளையும் நோய் பிடிக்கும். மண்ணில் கிடந்தபோது உள்ளே ஏறிய உப்பு, காற்றில் ஈரம் பட்டதும் வேலையை ஆரம்பிக்கும். வெளிர்ப் பச்சைப் பொடியாகக் கொட்டும், அடியில் குழி விழும். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு அஸ் இரண்டு மழைக்காலம் தாங்கியது, மூன்றாவதில் மூக்குப் போய்விட்டது. காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நன்றாகக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பெரும்பாலும் நிற்கும். அந்த டப்பா, பொட்டலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பொறுமை எல்லாம் செலவுதான். இன்னொன்று, படத்தில் வழுவழுவென்று ஜொலிக்கும் பித்தளைக் காசில் இந்தக் காலத்தவர் உளியால் முகத்தைத் திருத்தி "அழகாக்கி" இருக்கலாம். முடி இழை இழையாகத் தெரிந்து, எழுத்து மட்டும் மங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பொந்தியு பிலாத்துவின் சின்னக் காசு

விவிலியத்துக்காக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் மாற்று இது. யூதேயாவின் ஆளுநராக இருந்த பிலாத்து அங்கே அடித்த புருட்டா என்ற செப்புச் சில்லறை. இரண்டு கிராம்தான் இருக்கும், சுண்டு விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது. இதில் ராயனின் முகம் கிடையாது. ஒரு வகையில் பலிச் சடங்கில் திரவம் ஊற்றும் கரண்டி, இன்னொன்றில் ரோமானியக் குறி சொல்பவரின் வளைந்த கோல். யூதர்கள் அருவருக்கும் பூசைச் சாமான்களை அவர்கள் கைச் சில்லறையிலேயே பதித்திருக்கிறார் மனிதர்.

நல்ல விஷயம், இதில் ஆண்டு இருக்கிறது. திபேரியஸின் 16, 17, 18ஆம் ஆட்சி ஆண்டுகள், அதாவது கி.பி. 29க்கும் 32க்கும் இடையில். லூக்கா சுவிசேஷத்தில் "திபேரியுராயன் ராஜ்யபாரம்பண்ணின பதினைந்தாம் வருஷத்திலே" என்று யோவான் ஸ்நானனின் கதை தொடங்குமே, அதற்கு மறு ஆண்டிலிருந்து வந்த காசு இது. 16ஆம் ஆண்டுக் காசின் மறுபக்கம் மூன்று தானியக் கதிர், கூடவே லிவியாவின் பெயர். அவள் செத்த 29ஐ ஒட்டி வந்தது. தெனாரியஸில் "இதுவாக இருக்கலாம்" என்பதற்கு 400 டாலர் கொடுப்பதைவிட, அந்த ஊரில் அந்த ஆண்டுகளில் நிச்சயமாகக் கைமாறிய ஒரு காசுக்கு 60லிருந்து 150 கொடுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

குறை? அச்சு எப்போதும் கோணல். பாதி எழுத்து காசுக்கு வெளியே போயிருக்கும். ஆண்டைக் குறிக்கும் எழுத்து தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், தெரியாவிட்டால் முக்கால் மதிப்பு போச்சு. புனிதப் பயணிகளுக்கு விற்கும் வார்ப்புப் போலிகளும் ஏராளம்.

ஸ்பெயின், அலெக்சாந்திரியா, தங்கம்

இவற்றை வேகமாகக் கடக்கிறேன். ஸ்பெயினின் நகரங்கள் திபேரியஸின் முகத்தோடு தாங்களே செப்புக் காசு அடித்துக்கொண்டன, அவற்றில் பல மலிவு. ஒன்று மட்டும் தனி ரகம்: பில்பிலிஸ் என்ற ஊர், 31இல் திபேரியஸும் செஜானஸும் சேர்ந்து கான்சல் (ரோமின் உயர்ந்த ஆண்டுப் பதவி) ஆனதைக் கொண்டாடி இருவர் பெயரையும் போட்டது. சில மாதத்தில் செஜானஸ் ஒழிந்தான். பயந்துபோன யாரோ சில காசுகளில் அவன் பெயரை மட்டும் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். விலை கூடத்தான், ஆனால் அரசியல் பயம் கையில் தட்டுப்படும் காசு வேறெங்கே கிடைக்கும்?

அலெக்சாந்திரியாவில் கி.பி. 20க்குப் பிறகு அடித்த நாலு திராக்மா காசில் ஒரு பக்கம் இவர், மறுபக்கம் கதிர்முடி சூடிய அகஸ்டஸ். கலப்பு வெள்ளி, பெரும்பாலும் கரடுமுரடு. தங்கக் காசு வாங்கும் வசதி உள்ளவர் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை.

"தோட்டத்தில் கிடைச்சதுங்க"

கொங்குக் கூட்டத்துக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உழும்போது கிடைத்தது, கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதை மீறிய பொருளை வாங்கினால் வழக்கு உங்கள் பக்கமும் திரும்பும். இப்படி எனக்குக் காட்டியவற்றில் பெரும்பாலானவை வார்ப்புப் போலிகள் என்பது தனிக் கதை.

நம் மண்ணில் வந்த காசைப் பார்க்க வேண்டும் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவுச் சீட்டு வாங்கினால் போதும்.

ஒரே பார்வையில்

| | வாழ்க்கை தெரிகிறதா | விலை (டாலர், தோராயம்) | போலி ஆபத்து | ஈரம் தாங்குமா |
|---|---|---|---|---|
| தெனாரியஸ் | மிகக் குறைவு | 150–600 | அதிகம் | நன்றாக |
| ரோம் பித்தளை, செம்பு | மிக அதிகம் | 80 முதல் ஆயிரங்கள் வரை | நடுத்தரம், திருத்தல் அதிகம் | கவனம் வேண்டும் |
| பிலாத்து புருட்டா | ஆண்டு, ஊர் இரண்டும் உண்டு | 60–150 | அதிகம் | கவனம் வேண்டும் |
| ஸ்பெயின் செம்பு | ஊரைப் பொறுத்து | 50 முதல் | குறைவு | கவனம் வேண்டும் |

விலைப்பட்டியலில் வராத செலவு

ஏலத்தில் எடுத்தால் விழுந்த விலைக்கு மேல் 20 சதவீதமோ அதற்கும் அதிகமோ ஏல நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் காப்பீட்டோடு தபால், இங்கே வந்ததும் சுங்கம். 80 டாலர் அஸ் ஒன்று வீட்டுக்கு வரும்போது 150ஐத் தாண்டுவது அதிசயமில்லை, அதனால் மலிவுக் காசு ஒன்றை மட்டும் வரவழைப்பதுதான் விகிதப்படி அதிக நஷ்டம். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழையுங்கள்.

சட்டத்தில் இன்னொரு முடிச்சு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். தனியாள் அதை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. ஆக, லண்டனில் வாங்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்த காசை மறுபடி லண்டனில் விற்க வழியில்லை. உள்ளூர்ச் சந்தை சின்னது, விலையும் அப்படித்தான். முதலீடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வாங்கிய ரசீது, இறக்குமதித் தாள் இரண்டையும் காசோடு சேர்த்தே வையுங்கள், உள்ளூரில் தோண்டியது இல்லை என்று காட்ட அதுதான் சாட்சி. கனடா, சிங்கப்பூர் என்று வெளியே இருப்பவர்களுக்கு அந்தந்த நாட்டு விதி, விசாரித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

விவிலியம்தான் காரணம் என்றால் பிலாத்துவின் புருட்டா, ஆண்டு எழுத்து தெளிவாக உள்ளது. கடலோரத்தில் குடியிருந்து, டப்பாவும் பொட்டலமுமாக அல்லாட முடியாது என்றால் தெனாரியஸ், எடை போட்டு. திபேரியஸ் என்ற மனிதரே காரணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், 22, 23ஆம் ஆண்டுப் பித்தளை. கிடைக்கும்வரை ஆறு மாதம் காத்திருங்கள்.

கொங்குக்காரர்களுக்கு மட்டும் நான் தெனாரியஸையே சொல்வேன், இவ்வளவு குறை சொன்ன பிறகும். 22இல் திபேரியஸ் செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் பெண்கள் கல்லுக்கு ஆசைப்பட்டு நம் பணமெல்லாம் அந்நிய நாட்டுக்கும் பகை நாட்டுக்கும் போகிறது என்று அதில் புலம்பல். காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் தோண்டினார்கள், கொடுமணலில் கல் பட்டை தீட்டும் பட்டறைகள் இருந்தன; அவர் புலம்பிய பணத்தில் ஒரு பங்கு எங்கே வந்து சேர்ந்தது என்பதைக் கோயம்புத்தூர்ப் புதையல்கள் காட்டுகின்றன. எல்லாம் அவர் உயிரோடு இருந்தபோதே வந்தது என்றும் சொல்ல முடியாது: 64இல் பேரரசர் நீரோ காசில் வெள்ளியைக் குறைத்ததும், பழைய முழு வெள்ளிக் காசுக்கு வியாபாரிகளிடம் மவுசு கூடியிருக்கும். ஒரே படத்தை இருபது ஆண்டு மாற்றாமல் அடித்த கஞ்சத்தனம் அங்கே நம்பிக்கையாகி இருக்கலாம், பார்த்ததும் தெரியும் காசு அல்லவா.

ஐரோப்பாவின் பழைய சேகரிப்பிலிருந்து ரசீதோடு வந்த தெனாரியஸ் ஒன்றைக் காங்கேயத்து நண்பர் வாங்கினார். கண்ணாடிப் பெட்டியில் அதன் பக்கத்தில் பட்டை தீட்டாத ஒரு பச்சைக்கல்லை வைத்திருக்கிறார். கல்லின் விலை, காசு வந்த தபால் செலவில் கால்வாசி.